பள்ளிப் பையும் நான் சொன்ன பொய்யும்

என் கணவர் எல்லையில் இருந்த ராணுவ வீரர். இப்போது பாகூர் பக்கம் கரும்பு போடுகிறோம். மனப்பதற்ற நோய்க்காக அவர் கேட்ட டிஸெபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் மருத்துவக் குழு என்னையும் விசாரித்தது.

"வீட்ல எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டார் டாக்டர்.

பைத்தியக்காரன் பெண்டாட்டி என்று ஊர் பேசுமே என்ற பயம் எனக்கு.

"நல்லா இருக்காரு சார். புள்ளையோட ஸ்கூல் பையகூட தெனம் அவருதான் அடுக்கிக் குடுப்பாரு" என்றேன்.

அடுக்குவதற்கு முன் நடப்பதைச் சொல்லவில்லை. எங்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் பையைப் பிரித்து ஒவ்வொரு புத்தகமாக எடுப்பார். குண்டு இல்லை என்று தெரிந்த பிறகே திருப்பி அடுக்குவார். 

மேல்முறையீடு தள்ளுபடியானது. நான் சொன்னதையே காரணமாக எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மறுபடி மனு போட்டிருக்கிறோம். இப்போது நடப்பதையெல்லாம் மறைக்காமல், தேதி போட்டு நோட்டில் எழுதுகிறேன். போன வாரம் வக்கீலைப் பார்க்கக் கிளம்பும்போது என் பையையும் சோதித்தார். நோட்டைப் பிரித்தவர் நின்றபடியே முழுவதும் படித்தார்.

"தண்ணி பாட்டில மோந்து பாக்குறேனே, அத ஏன் எழுதல?" என்றார்.

பேனாவை நீட்டினேன். அவரே எழுதினார்.