கஞ்சியத்தையின் மேசைத்துணி

கஞ்சியத்தையைத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. தச்சர் வீட்டுக்கு வாழ வந்தவள். பிறந்த வீட்டு வழியில் ரொட்டிக்கடைக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஆனால் உறவு சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சலவைக்கடை வைத்திருந்தாள். அவள் கஞ்சி போட்ட சட்டை ஆள் இல்லாமலே நிற்கும் என்பார்கள். அவளும் அப்படித்தான், விறைப்பு.

கோயிலில் போதகர் அப்பம் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்து மேசைக்கு விரிக்கும் வெள்ளைத்துணி அவள் பொறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் வேறு கை பட விட்டதில்லை. மோட்சத்துக்கு அதுதான் தன் அத்தாட்சி என்று நம்பியிருந்தாள்.

“மேல போய்க் கதவைத் தட்டுவேன். யாருன்னு கேப்பாங்க. உம்ம மேசைத்துணி வெளுத்தவன்னு சொல்லுவேன். திறந்துதானே ஆகணும்?”

புருஷன் தச்சர் மகன்தான், ஆனால் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கண்ணில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொல்வார். “நம்பினவனுக்குக் கதவு திறந்தே கிடக்கும்டி. நீ எதுக்கு மூட்டையைத் தூக்கிட்டுப் போற?”

“நம்பிட்டு உக்காந்திருங்க. நம்பினா எச்சில் தட்டு தானா கழுவிக்குமா?”

போதகர் வந்தால் இரண்டு பேரும் அவரைப் பஞ்சாயத்துக்கு இழுப்பார்கள். “இரட்சிப்பு கிருபையால வர்றதும்மா. சும்மா கிடைக்கிறது. நல்ல காரியமெல்லாம் அதுக்குப் பின்னால வரும்” என்பார் அவர். “சும்மா கிடைச்சது எதுவும் எனக்கு ஒட்டாது ஐயா” என்று சொல்லிவிட்டு, அத்தை அவருடைய அங்கியை இஸ்திரி போடப் போய்விடுவாள்.

ஊரெல்லாம் ஓடி ஓடிச் செய்த அத்தைக்கு ஒரே ஓர் ஆளோடு மட்டும் ஆகாது. அது புருஷனின் தங்கை. ஒருமுறை உதவிக்கு வந்தவள், அத்தை ஊறப்போட்டிருந்த மேசைத்துணியோடு தன் சிவப்பு ரவிக்கையையும் போட்டுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்க ரோஜா நிறத் துணியில் திருவிருந்து எடுத்தது. “இனிமே என் தொட்டிப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே” என்று அத்தை வாசலைக் காட்டினாள். அப்புறம் அந்த நாத்தனார் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்படியிருக்க, கொடியில் துணி போட முக்காலியில் ஏறிய அத்தை சறுக்கி விழுந்தாள். கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். ஆடின கால் சும்மா கிடக்குமா? ரொட்டிக்கடைக்காரர் மனைவி சூப் கொண்டுவந்தால், “உன் வீட்டுக்காரர் சட்டையில பட்டன் தொங்குமே, எடுத்துட்டு வா, தச்சுத் தர்றேன். அப்பத்தான் குடிப்பேன்” என்பாள். பார்க்க வந்தவர்களெல்லாம் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் நாத்தனார் ஒரு பையோடு வந்து நின்றாள்.

“வான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா அண்ணி?”

அத்தை சுவரைப் பார்த்தாள். பிறகு, “பட்டன் ஏதாவது அறுந்திருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லண்ணி. நான் இப்பல்லாம் ஜிப்புதான் வைக்கிறேன்.”

பக்கத்து அறையில் கடிகாரக்காரர் சிரித்த சிரிப்பில் ஏதோ ஒரு சின்னச் சக்கரம் உருண்டு ஓடியது. அதைத் தேடிக்கொண்டு அவர் மேசைக்கு அடியில் போய்விட்டார்.

நாத்தனார் தங்கிவிட்டாள். சமைத்தாள், துடைத்தாள், அத்தையைத் தாங்கிக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். அத்தைக்குத்தான் முள்மேல் படுத்த மாதிரி இருந்தது. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கேட்டேவிட்டாள்: “நான் உனக்கு என்ன செஞ்சேன்னு இதெல்லாம் செய்யற?”

“ஒண்ணும் செய்யல. அதான் எனக்கு வசதியா இருக்கு. ஏதாவது செஞ்சிருந்தா, பதிலுக்குச் செய்ய வந்தேன்னு நினைச்சிருப்பீங்க.”

சனிக்கிழமை வந்தது. மேசைத்துணிக்கு வேறு கை கிடையாது. அத்தை கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல நாத்தனார் வெளுத்தாள். பால் மாதிரி வந்தது. இஸ்திரி போடும்போது பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டாள். தீய்ந்த வாடை வந்தது. துணியின் நட்டநடுவில் இஸ்திரிப்பெட்டியின் உருவம், பழுப்பாக, அச்சு எடுத்த மாதிரி.

“திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க அண்ணி. அப்புறம் நான் அழ ஆரம்பிச்சா உங்களுக்கு இடம் கிடைக்காது.”

அத்தை துணியை வாங்கிக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வாழ்நாள் பூராவும் வெளுத்த வெளுப்பு ஒரே இழுப்பில் போயிற்றே! நாளைக்கே மேலே கூப்பிட்டால் கதவில் எதைச் சொல்வது? மாற்றுத்துணியோ நைந்து கிழிந்து கிடந்தது.

மறுநாள் கடிகாரக்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் முன்வரிசையில் வைத்தார்கள். போதகர் துணியை விரித்தார். கறை பளிச்சென்று தெரிந்தது. அப்பத்தட்டை அதன்மேல் வைத்து மறைப்பார் என்று அத்தை காத்திருந்தாள். அவர் மறைக்கவில்லை. எப்போதும் வைக்கும் இடத்திலேயே தட்டை வைத்தார், ஜெபித்தார், பிட்டார். சனங்கள் வந்தார்கள், வாங்கினார்கள். துணியை யாரும் பார்க்கக்கூட இல்லை.

அவளால் மண்டியிட முடியாதென்று போதகரே நாற்காலிக்கு வந்தார். அத்தை பழக்கத்தில் இரண்டு கையையும் ஏந்தினாள். ஏந்தின பிறகுதான் அந்தக் கைகளைப் பார்த்தாள். வெறும் கை. இந்த மேசைக்கு வந்த நாளெல்லாம் வெறும் கையோடுதானே வந்திருக்கிறாள்! என்ன கொண்டுவந்தாய் என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லையே. அப்பத்தை வாயில் போட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறியது. நாத்தனார்தான் தலையில் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் வெந்நீர் வைத்து, “தலை சிக்குப் பிடிச்சுக் கிடக்கு. அலசி விடவா?” என்றாள். அத்தை கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். பட்டனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

“அப்ப கதவுல என்னடி சொல்லப் போற?” என்று கடிகாரக்காரர் வம்புக்கு இழுத்தார்.

“உங்க தங்கச்சியை முன்னால விட்டுட்டு, பின்னாலயே நுழைஞ்சிடுவேன். நீங்க நம்பிட்டு நிக்காம அந்தத் துண்டை எடுத்துக் கொடுங்க.”

கால் கூடியதும் அத்தை பழையபடி வெளுக்கப் போனாள். வேலை குறையவில்லை, வெளுக்கும்போது பாடவும் தொடங்கினாள். குரல்தான் கேட்கும்படி இல்லை. அந்தத் தீய்ந்த துணியைத் தூக்கிப் போட விடாமல், நையும்வரைக்கும் மேசையில் விரிக்கச் சொன்னாள். நாத்தனாரும் தொட்டிப் பக்கம் வரலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் அவள் சிவப்பு ரவிக்கை போட்டு வந்தால், அத்தை மேசைத்துணியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான், “வாம்மா, உள்ள வா” என்பாள்.