காந்தம் ஒட்டிய பல்

சங்கரன்கோவிலில் நான் பல் ஆஸ்பத்திரி திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் மானம் கோலிக்குண்டு அளவுக் காந்தம் ஒன்றில் தொங்கியது.

காந்தத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. எவர்சில்வர் வாங்க வருகிறவர்கள் முன்னால், நூலில் கட்டிய அந்தக் காந்தத்தைப் பாத்திரத்தின் மேல் ஆடவிடுவார். ஒட்டாவிட்டால் ஒரிஜினல், ஒட்டினால் டூப்ளிகேட். பெண்ணுக்குச் சீர் எடுக்கிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டார்கள்.

கல்லூரியில் படிக்கும் அவர் மகளுக்குப் பல்லில் கம்பி மாட்டியது நான்தான். ஒரு நாள் காலை, என் ஆஸ்பத்திரியில் ஐந்தாறு பேர் காத்திருக்கையில், மகளைக் கூட்டிவந்து வாயைத் திறக்கச் சொல்லிக் காந்தத்தை ஆடவிட்டார். அது நேராகப் போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளை வாயை மூட முடியாமல் என்னை முறைத்தாள்.

"எவர்சில்வர்னு சொல்லித்தான மாட்டுனிய டாக்டரம்மா? இது ஒட்டுதே" என்றார் நிதானமாக.

அவர் கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்து செருப்பை மாட்டத் தொடங்கினார். இன்னும் நாலு பேர் எழுந்தால் நான் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

படித்தது அரைகுறையாக நினைவுக்கு வந்தது. நல்ல எவர்சில்வரையும் மெல்லிய கம்பியாக இழுத்து இழுத்து நீட்டினால் உள்ளுக்குள் இறுகும். பல்லை நகர்த்தும் விறைப்பு அதனால்தான் வருகிறது, கொஞ்சம் காந்தமும் ஒட்டும். சொன்னேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல அண்ணாச்சி சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கடையிலேயே உசத்தியான டம்ளர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அவரே போய் எடுத்துவந்தார். கவிழ்த்து வைத்த டம்ளரின் அடிப்பாகத்தின் மேல் காந்தம் ஒட்டாமல் சும்மா ஆடியது. கடையில் அவர் காட்டுகிற இடமும் அதுதான். மீசையைத் தடவிக்கொண்டார். கோமதியம்மனை வேண்டிக்கொண்டு, டம்ளரை நிமிர்த்தி, மடித்து உருட்டிய வாய் விளிம்புக்கு நூலை நகர்த்தினேன். காந்தம் மெல்லச் சாய்ந்து ஒட்டியது.

செருப்பு மாட்டிய அம்மா எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, எம் மவளுக்கு ஒங்க கடையிலதான சீர் எடுத்தோம்?"

அண்ணாச்சி காந்தத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். "இழுத்து மடிச்ச எவர்சில்வர்னா ஒட்டத்தான்ம்மா செய்யும்" என்று தொடங்கி, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், என்னைவிடத் தெளிவாக, அத்தனை பேருக்கும் விளக்கினார்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.