எர்ணாவூரில் சிமெண்டுக்கு அடியில் ஒரு மழைத்தொட்டி

ஊர் சுற்றிப் பார்க்க யாரும் எர்ணாவூருக்குப் போவதில்லை. நானும் ஆசைப்பட்டுப் போகவில்லை. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலையில் என் அக்கா செல்வி போன் செய்து அழுதாள், அதனால் போனேன்.

விஷயம் இதுதான். போன ஐப்பசியில் வாசலில் தண்ணீர் நின்றது என்று மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வீட்டைச் சுற்றியிருந்த மண்ணையெல்லாம் மூடி அரையடி உயரத்துக்கு சிமெண்ட் போட்டுவிட்டார். கார்த்திகை மழையில் மொத்தத் தண்ணீரும் வழிந்து பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காவின் கூடத்துக்குள் போனது. அவருடைய தையல் மெஷின் மோட்டார் வீணாகிவிட்டது. அதுவரை ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. அன்றோடு பேச்சே நின்றுபோனது. இந்த மழைக்கும் தண்ணீர் போனால் ரஹ்மத் தன் முகத்திலேயே முழிக்க மாட்டார் என்று அக்காவுக்குப் பயம்.

கிண்டியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ, ஐம்பது ரூபாய், ஒரு மணி நேரத்துக்குள். அதுவரை சொர்க்கம். அங்கிருந்து அக்கா வீடு இரண்டே கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய், நேரம் நாற்பது நிமிடம்! முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னாலும் கன்டெய்னர் லாரி. இறங்கி நடக்கட்டுமா என்று கேட்டேன்.

"நட நைனா. துட்ட குட்த்துட்டு நட," என்றார் ஓட்டுநர்.

போய்ச் சேர்ந்தால் வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது. போர் தண்ணீர் உப்பாம். வானத்திலிருந்து இனாமாக வருவதைப் பக்கத்து வீட்டுக்குள் தள்ளிவிட்டு, காசு கொடுத்து வாங்குகிறார் மனிதர். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

"வீடு கட்டும்போது தண்ணி பூமிக்குள்ள இறங்க மழைநீர்த் தொட்டி கட்டினீங்களே மாமா, எங்கே?"

"கீது மச்சான். இங்கதான் எங்கியோ கீது."

எங்கேயோ! அதன் மேலேயும் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, இடத்தையே மறந்திருக்கிறார். எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. உடைத்துத் தேடலாம் என்றேன்.

"இன்னா வெளையாட்றியா? தரை எவ்ளோ சோக்கா கீது பாரு. மண்ணா வுட்டா கலீஜாப்பூடும்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "தரை சோக்காதான் கீது. ரஹ்மத் மூஞ்சப் பாக்கத்தான் முடியல," என்றாள். மாமா போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

ஞாயிறு காலை கொத்தனார் வந்தார், கூலி ஆயிரத்து இருநூறு. மாமா காலால் காட்டிய இடத்தில் உடைத்தால் தொட்டி இல்லை. அடுத்துக் காட்டிய இடத்திலும் இல்லை. தன் பைக் நிற்கும் இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் காட்டினார். பைக்கைத் தள்ளச் சொன்னேன். அதன் அடியில்தான் இருந்தது தொட்டி. குப்பையை அள்ளி, ஜல்லி கொட்டி, மாடிக் குழாயை அதற்குள் திருப்பினோம். ரஹ்மத் அக்கா வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, வெறும் மண்ணாக விட்டோம். கீழே நல்ல கடற்கரை மணல்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிமெண்ட் போட்டே தீரவேண்டும் என்றால் பைக் சக்கரம் ஓடும் அளவுக்குப் போடுங்கள், மற்றதை மண்ணாக விடுங்கள். தொட்டி எங்கே இருக்கிறது என்று சுவரில் பெயிண்டால் எழுதிவையுங்கள். எர்ணாவூருக்குப் போவதாக இருந்தால் விம்கோ நகரில் இறங்கி நடந்தே போய்விடுங்கள்.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. ரஹ்மத் அக்கா துடைப்பமும் கோணிச்சாக்குமாகத் தன் வாசலில் தயாராக நின்றார். நாங்கள் மூவரும் ஜன்னலில். வழிந்துவந்த தண்ணீர் மண்ணுக்கு வந்ததும் இறங்கிவிட்டது. ரொம்ப நேரம் காத்திருந்தவர், கடைசியில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி செல்வி, தண்ணி எங்கடி பூட்ச்சு?"

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து வந்த பேச்சு. அக்கா குடைகூட எடுக்காமல் கேட்டைத் திறந்துகொண்டு அந்த வீட்டுக்கு ஓடினாள்.

மாமா என் தோளைத் தட்டினார். "பாத்தியா மச்சான்? தொட்டி கீதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"