பால் வயிற்றில் தங்கிய நாள்

பிறந்து ஒரு மாதமே ஆன என் மகன் கவின், பால் குடித்த கையோடு பீய்ச்சியடித்து வாந்தி எடுப்பான். உடனே பசித்து அழுவான். எடை குறைந்துகொண்டே போனது. என் பால்தான் அவனுக்குச் சேரவில்லை என்று நானே முடிவு கட்டி, மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அழுதேன்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், "பால் கொடுங்கம்மா, நான் வயித்தைத் தொட்டுப் பாக்குறேன்" என்றார். அவன் குடிக்கக் குடிக்க அவர் விரல்கள் மெல்லத் தேடின. பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் சுண்டைக்காய் போல ஏதோ உருண்டது.

"இரைப்பை வாசல்ல தசை தடிச்சிருக்கு. பால் கீழ இறங்க வழியில்ல. சின்ன ஆபரேஷன்ல சரியாயிடும். உங்க பால்ல ஒரு குறையும் இல்லம்மா."

நான் உடைந்து அழுதேன். அவர் என் தோளை விடவே இல்லை.

ஸ்கேனும் அதையே காட்டியது. ட்ரிப் ஏற்றி உடம்பைத் தேற்றிய பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பின் முதல் முறை அவன் வயிறாரக் குடித்தபோது, என் கணவர் துண்டை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார். ஏப்பம்தான் வந்தது.

"தூங்கிட்டான் லா!" என்று அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் குழந்தை வாந்தி எடுக்கிறது என்று எந்த இளந்தாய் கலங்கினாலும், டாக்டரிடம் கூட்டிப் போகும் வழியிலேயே சொல்லிவிடுகிறேன்: "உங்கமேல தப்பு இல்லம்மா."