என் தட்டில் மிச்சமான மீன்

முதலில் வலித்தது இடது தோள்தான். எர்ணாவூரில் கன்டெய்னர் பெட்டிகளுக்கு வெல்டிங் அடிக்கிறவன் நான். கண் கூசாமல் இருக்க முகத்துக்கு முன்னால் பிடிக்கும் தடுப்பு, நாள் முழுக்க இடது கையில் இருக்கும். அதனால் வந்த வலி என்று நினைத்தேன். தலையில் மாட்டும் தடுப்புக்கு மாறினேன். கைக்கு வேலை இல்லை, அப்போதும் தோள் வலித்தது.

சாப்பாடும் இறங்கவில்லை. நாலு வாய் போனதும் வயிறு நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வறுத்த சங்கரா மீனில் பாதியை மகள் மோனிஷாவின் தட்டில் வைத்துவிடுவேன்.

"பாத்தியாடா? நைனாக்கு என் மேலதான் உசுரு" என்று தம்பியைச் சீண்டுவாள்.

"பூனை மாரி குந்திகினு பாக்குற, அதான் போடுது" என்பான் அருண்.

சாப்பிட முடியவில்லை என்று நான் சொல்லவில்லை. பாசக்கார அப்பா என்ற பேர் பிடித்திருந்தது. இதைப் படிக்கும் பிள்ளைகளே, நான் செய்த தப்பு அதுதான்.

ஒரு சனிக்கிழமை மனைவி செல்வி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். மோனிஷாவும் கூட வந்தாள். டாக்டரம்மா, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா சாப்புடுறேம்மா."

"இன்னா நைனா பொய் சொல்ற? டாக்டர், ரெண்டு மாசமா பாதி மீனு எனக்குத்தான் குடுக்குது."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் படுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். அங்கே கல் மாதிரி இருந்தது.

மண்ணீரல் (ரத்தத்தைச் சலித்துச் சுத்தம் செய்யும் உறுப்பு) வீங்கி இரைப்பையை நெருக்கியிருக்கிறது. மேலே உதரவிதானத்தையும் (மூச்சுவிட உதவும் தசைத் திரை) உரசியிருக்கிறது. அங்கே பட்டால் தோளில் வலிக்குமாம். "தோள்ல ஒண்ணுமில்ல. கீழ இருந்து வர்ற சேதி அது" என்றார்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து மண்ணீரலையே எடுத்தார்கள். சோதித்ததில் நிணநீர்ப் புற்றுநோய் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் வரும் புற்று) என்று வந்தது. மண்ணீரலிலேயே அது தொடங்குவது அபூர்வமாம்.

"அபூர்வமா வர்றதுக்கு இந்த மனுசன்தான் கெடச்சாரா?" என்றாள் செல்வி.

வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று தெரியாமல் இருந்த அந்த ஒரு வாரம், மோனிஷா என் பக்கத்திலேயே வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"உன் பங்கை நான் துண்ணுட்டேன்ல? அதனாலதான வந்துச்சு?"

"இல்லம்மா. நான் மறைச்சேன், நீ சொல்ட்ட. நீ சொன்னதாலதான் டாக்டருக்குத் தெரிஞ்சுது."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

பரவவில்லை என்று டாக்டர் சொன்னபோது, செல்வி ஆஸ்பத்திரி நடையில் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சில மாதம் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இப்போது ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. மண்ணீரல் இல்லாததால் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. உடம்பு ஏதாவது சொன்னால் இப்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மோனிஷா வழக்கம்போலத் தட்டை நீட்டினாள்.

"இன்னா நைனா, எனக்கு?"

"இது என்னுது."

"அம்மா! நைனா முழு மீனும் துண்ணுது!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். முன்பெல்லாம் அஞ்சு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அன்று ஒவ்வொரு முள்ளாக எடுத்து, தலையையும் விடாமல் தின்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.