கழுநீர்த் தொட்டியின் அடிமண்டி

கைலாசபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் திருவெள்ளறைக்கு அக்கா வீட்டுக்குப் போய்வருவது என் வழக்கம். போன ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு போனபோது, அவளுடைய ஒரே பசு தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு மாதச் சினை. கன்று தங்குமா என்று அக்காவுக்கு உதறல்.

மாட்டு டாக்டர் பசுவைச் சோதித்த பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கடலைப் புண்ணாக்கு மூட்டையில் சாரல் அடித்து, ஓரமெல்லாம் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"தட்டிட்டு, வெயில்ல காய வெச்சுதான் போட்டோம்" என்றார் அத்தான்.

"தட்டினா பூஞ்சணம் உதிரும்ங்க. அது விட்ட விஷம் உள்ளேயே இருக்கும். கொதிக்க வெச்சாலும் போகாது. கிணத்துக்குத் தள்ளிக் குழி வெட்டிப் புதைச்சிடுங்க."

அடுத்து, மாடு குடிக்கும் கழுநீர்த் தொட்டியில் குனிந்து மோந்தார். "இதை எப்ப காலி பண்ணினீங்க?"

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இருக்கும்" என்றார் அத்தான்.

அக்கா அவரை முறைத்தாள். தொட்டியில் ஒரு சாண் பழசை எப்போதும் விட்டுவைப்பாள். அதன்மேல் புதுக் கழுநீரை ஊற்றினால் புளிப்பேறும், மாடு ஆசையாகக் குடிக்கும். "தோசை மாவுக்கு நேத்து மாவு கொஞ்சம் விடறதில்லையா?"

"தோசைக்குச் சரிங்கம்மா. இங்க அந்தப் பூஞ்சணப் புண்ணாக்குதானே அடியில ஊறிக் கிடக்கு."

தொட்டியைக் கழுவும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேங்காய் நாரால் மூலை மூலையாகத் தேய்த்தேன். அடிமண்டி விரலுக்கு வழவழத்தது. கழுவிய தண்ணீரும் புண்ணாக்கைப் புதைத்த குழிக்கே போனது. பிறகு சுண்ணாம்பு அடித்து, உலர்ந்ததும் மறுபடி கழுவினேன். எனக்குத் திருப்தி. பசுவுக்கு இல்லை, புதுத் தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது.

"உன் சுத்தம் அதுக்குப் பிடிக்கலடி. ஒரு சொம்பு பழசு எடுத்து வெச்சிருக்கலாம்" என்றாள் அக்கா.

ஆனாலும் பழசின் பக்கம் அவள் போகவில்லை. அன்றன்று வடித்த கஞ்சியில் உப்புக்கல் போட்டு, உள்ளங்கையில் ஏந்தி நக்கவிட்டாள். டாக்டர் கொடுத்த மருந்தும் வேலை செய்தது. அடுத்த ஞாயிறு நான் போனபோது பசு வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் காலையிலேயே அக்காவிடமிருந்து போன்.

"கிடேரிக் கன்னு. எழுந்து நின்னுடுச்சு."

"சீம்பால்?"

"குடிக்கலாமான்னு டாக்டரைக் கேட்டாச்சு, குடிக்கலாமாம். முதல்ல கன்னுக்குட்டிக்கு. மிச்சம் இருந்தா உனக்கு. தூக்குவாளியோட வா."