வாளித் தண்ணீரில் மகனின் ஹார்ட் டிஸ்க்

என் கையெழுத்து கோட்டில் நிற்காது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் போச்சு. ‘ர’ எங்கே, ‘ற’ எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

முகத்துவாரக்குப்பத்தில் மீன்பிடி படகுகளின் என்ஜினைப் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டு வாசலிலேயே வேலை. எங்களுக்கு ஒரே மகன். ராயபுரத்தில் ரூம் போட்டிருந்த ஒரு ஏஜென்ட் மூலமாகச் சரக்குக் கப்பல் வேலைக்குப் போனான். மாதம் இரண்டு தடவை போன் வரும். ஒரு மாதம் வரவில்லை, அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஏஜென்ட் ரூமில் பூட்டு தொங்கியது. மனு கொடுக்கப் போன ஆபீசில், “கப்பல் பேரே தெரியாம எங்கய்யா தேடறது? வேலைக்குச் சேர்ந்த ஒப்பந்தப் பேப்பர் இருக்குமே, அத எடுத்துட்டு வா” என்றார்கள்.

அந்தப் பேப்பரின் நகல் மகனுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது. போகும்போதே அவன் அம்மாவிடம், “எல்லாம் இதுல போட்டு வெச்சிகீறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை யாரிடமாவது கொண்டுபோய்ப் பேப்பரை எடுத்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். நான் போகவில்லை. பிரின்ட் போடும் கடையில் எப்போதும் கூட்டம். எந்த ஃபைல், என்ன பேர் என்று கேட்பார்கள். எல்லார் எதிரிலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். கடை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். வீட்டில் கடை மூடியிருக்கிறது என்று பொய் சொன்னேன். நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் ஓடியது. அதற்குள் மழை வந்துவிட்டது.

ஆற்றுத் தண்ணீர் ஆலைகளின் கறுப்பு எண்ணெயைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. லேப்டாப் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் எடுத்துச் சாய்த்தேன். கறுப்பாக வழிந்தது.

கடலில் விழுந்த என்ஜினை நாங்கள் காயவிட மாட்டோம். உப்போடு காற்று பட்டால் ஒரே நாளில் உள்ளே அரித்துவிடும். பிரித்துக் கழுவும்வரை நல்ல தண்ணீரில் முக்கியே வைத்திருப்போம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். லேப்டாப்பைத் திருகு கழற்றிப் பிரித்தேன். சேமித்து வைப்பது எது என்று கண்டுபிடித்து, உள்ளங்கை அளவிருந்த அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வாளியில் கேன் தண்ணீர் ஊற்றி உள்ளே இறக்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, கம்பூட்டருக்குத் தலைக்கு ஊத்தினுகீறியா? சீயக்கா வோணுமா?”

“உப்பு போவணும்” என்றேன்.

“அரிசி மூட்டைல சொருவுவாங்க, வெயில்ல வெப்பாங்க. நீ இன்னாடான்னா பேஜாரு பண்ணினுகீற.”

அவர் போன பிறகு என் மனைவி வாளியைப் பார்த்தபடி நின்றாள். “இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் தண்ணில முக்கறியேய்யா” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று இருவருக்கும் தெரியும். கடல் என்ற வார்த்தையை இருவரும் சொல்லவில்லை.

கடைகள் திறக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் காலையில் தண்ணீர் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் மேலே எண்ணெய் வானவில் நிறத்தில் படர்ந்திருக்கும். பகலில் திடீரென்று ஒரு குமிழி வந்து உடையும். அந்தச் சின்னச் சத்தத்துக்கே சமையல் செய்துகொண்டிருப்பவள் கரண்டியை நிறுத்துவாள். அந்த மூலைப் பக்கம் அவள் போவதில்லை. ஒருநாள் வாளியை ஒரு தட்டால் மூடி வைத்திருந்தாள். வீட்டில் ஆளைப் படுக்க வைத்திருப்பது போல இருந்தது. வாளியின் பக்கம் காலை நீட்டி உட்கார எனக்கும் மனசு வரவில்லை.

விசாரித்ததில் காலடிப்பேட்டையில், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைலை எடுத்துத் தரும் ஒரு கடை சொன்னார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். வாளியோடு ஷேர் ஆட்டோவில் போனோம். வழக்கம்போல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

“யாரு இத தண்ணியில போட்டது?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

நான் தரையைப் பார்த்தேன்.

“காய வச்சிக் கொண்டாந்திருந்தீயன்னா உப்பும் எண்ணெயும் உள்ள தட்டுல இறுகிப்போயி ஒண்ணுக்கும் ஆவாது, அண்ணாச்சி. அதுக்காவ வாளில முக்கணும்னு இல்ல, ஈரத்துணி சுத்திப் பையில கட்டியிருந்தாலே போதும். ஆனா அரிசில போட்டுக் கொண்டாறவங்களுக்கு இது எவ்வளவோ தேவல.”

தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்து, உள்ளே சுழலும் தட்டைக் கழுவ வேண்டும் என்றாள். அதைப் படிக்கும் ஊசி அரித்துப்போயிருந்தது. இதே மாதிரி இன்னொரு டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, அதன் ஊசியை எடுத்து இதில் பொருத்த வேண்டும். ஒரு என்ஜினின் சாமானைக் கழற்றி இன்னொன்றில் போடுவது நான் தினம் செய்கிற வேலை. அவள் சொன்னதில் எனக்குப் புரிந்த பாகம் அதுதான்.

ஒன்றரை மாதம் கழித்துக் கூப்பிட்டாள். “பாதிதான் வந்திருக்கு” என்று திரையைத் திருப்பினாள். ஒப்பந்தப் பேப்பர் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கப்பலின் பேர் இருந்தது. அவளே பிரின்ட் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். இன்னும் பதில் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் இன்னொன்றும் பார்த்தோம். “ஒரு வீடியோ இருக்கு, பாக்கீயளா?” என்றாள் அவள்.

எங்கள் வீட்டுச் சுவர். முன்னால் நாற்காலியில் என் மகன், காலர் வைத்த சட்டையில். வேலைக்குக் கேட்பார்கள் என்று இங்கிலீஷில் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறான். நடுவில் வெளியே இருந்து ஒரு குரல், “டேய், பதினாலு நம்பர் ஸ்பேனர் எங்கடா?” என்கிறது. என் குரல். அவன் திரும்பி, “தோ வர்றேன்பா” என்று எழுந்து போகிறான். நாற்காலி காலியாக இருக்கிறது. படம் அப்படியே நின்றுவிட்டது.

“அப்பால வந்து குந்தறானாம்மா?” என்று மனைவி கேட்டாள்.

“அதுக்கு மேல பாழாயிட்டு, அக்கா. எடுக்க முடியல.”

மனைவி கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ பார்க்கிறேன். தினம் பத்துத் தடவை கேட்கிற ஸ்பேனர் அது. அவன் கொண்டுவந்து கொடுத்தானா, முகம் எப்படி இருந்தது, நான் நிமிர்ந்தாவது பார்த்தேனா, ஒன்றும் ஞாபகம் இல்லை. சோறு போடும்போது மனைவி சில நாள் கேட்பாள். “அன்னிக்கு ஸ்பேனர் கொண்டாந்து குட்த்தானாய்யா?”

குடுத்தான் என்று சொல்கிறேன்.

இதை எழுதியது ஆவணி பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.